இரையுது, சுத்துதில்லை

மே 6, செவ்வாய்

முகில். தென்மேற்குக் காற்று. மழை இல்லை.

மெல்பேர்ன் ட்ராம் பணிமனையில் இருபத்தேழு வருடம் வேலைக் குறிப்பு எழுதியவன் நான். வண்டி உள்ளே வந்த நேரம், குறை என்ன, என்ன செய்தேன், வண்டி வெளியே போன நேரம். ஓய்வு பெற்று மூன்று வருடம். எழுத ஒன்றும் இருக்கவில்லை. இதை எழுதலாம் என்று ஒரு கொப்பி கொண்டுவந்தேன்.

வந்த நேரம்: பிற்பகல் 2.40. மவுண்ட் கம்பியர் மட்டும் பஸ். அங்கேயிருந்து இந்தக் கடற்கரைச் சுற்றுலா முகாமின் பொறுப்பாளர் ஷெரில் தன் காரில் ஏற்றிவந்தாள். அறுபது வயதிருக்கும். வழியில் இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள்.

வாகனம்: மகன் நிமலனுடைய மோட்டர் ஹோம். ஏழு மீற்றர், வெள்ளை. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. அவன் வங்கி வேலையை விட்டு, அடுக்குமாடி வீட்டை விற்று இதை வாங்கினான். ஒன்றரை வருடம் இதற்குள் இருந்தான். பெப்ரவரி பதினைந்தாம் திகதி இறந்தான். முப்பத்திநாலு வயது. அன்றிலிருந்து வாகனம் இங்கேதான் நிற்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுபோக வந்திருக்கிறேன்.

குறை: ஓனிங். வாகனத்தின் பக்கவாட்டில் ஓர் உருளையில் சுருண்டிருக்கும் துணிக்கூரை அது. ஒரு பொத்தானை அமுக்கினால் உருளை வெளியே நகர, மோட்டர் அதை நிழலுக்கு விரித்துவிடும், மற்றப் பொத்தான் சுருட்டி எடுக்கும். இப்போது முழுதாக விரிந்தபடி நின்றுவிட்டது. அப்படியே வாகனத்தைத் தெருவில் ஓட்ட முடியாது. ஷெரில் கயிறு போட்டு முளையடித்துக் கட்டி வைத்திருக்கிறாள். துணி முழுக்க மூன்று மாத இலையும் கடற்பறவை எச்சமும்.

பொத்தானை ஒருதரம் அமுக்கிப் பார்த்தேன். இரைந்தது, சுற்றவில்லை. எதிர்பார்த்தபடிதான்.

கொண்டுவந்தவை: மல்ற்றிமீற்றர், ஸ்குரூட்ரைவர்கள், அலன் சாவிக் கட்டு, பன்னிரண்டு வோல்ற் மோட்டருக்குள் தேய்ந்துபோனால் மாற்றுகிற கார்பன் பிரஷ் இரண்டு சோடி.

தங்குவதற்கு முகாமின் மரவீடு ஒன்றை எடுத்தேன். மோட்டர் ஹோமுக்குள்ளேயே படுக்கலாமே என்று ஷெரில் கேட்டாள். நாரி நோ, இடுப்புக்கு அந்தக் கட்டில் சரிவராது என்றேன்.

இரவு மனைவி புனிதம் தொலைபேசி எடுத்தாள்.

"போய்ச் சேந்திட்டியளே?"

"ஓம்."

"சாப்பிட்டியளே?"

"ஓம்."

தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மே 7, புதன்

காற்றுக் குறைவு. வெயில்.

காலை 8.15க்குத் தொடங்கினேன். பற்றரி சரி. பொத்தான் பலகைக்கு வரும் மின்சாரம் சரி. மோட்டரில் அளந்தேன், அங்கேயும் சரி. மின்சாரம் போகிறது, மோட்டர் இரைகிறது, உருளை அசையவில்லை. மூடியைக் கழற்றிப் பிரஷ்களை மாற்றினேன். அதே இரைச்சல். மூக்கை வைத்துப் பார்த்தேன். எரிந்த மணம். நெடுநேரம் பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கிறான், உள்ளே கம்பிச் சுருள் வெந்துவிட்டது. பழகாதவர்கள் விடும் பிழை. இரையத் தொடங்கினால் உடனே கையை எடு என்று யாராவது ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்...

ஷெரில் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

பொத்தான் கதவுக்கு உட்பக்கம் இருக்கிறது. அதற்காக உள்ளே போகவேண்டியிருந்தது. அடுப்புக்கு மேல் தட்டில் மிளகாய்த்தூள் போத்தல். 'நிமலன், இது உறைப்புக் கூட' என்று புனிதத்தின் எழுத்து. வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

பிற்பகல் மூன்றுக்குக் கிட்ட வெளியே கதிரையில் இருந்தேன். மோட்டர் தானாக இரைந்தது. நாலைந்து விநாடி. நின்றுவிட்டது. உள்ளே யாரும் இல்லை. இதற்குக் காரணம் உண்டு. உப்புக்காற்றின் ஈரம் பொத்தான் பலகைக்குள் இறங்கியிருக்கும். வெயில் ஏறும்போது இப்படித் தொடுபட்டு இரையும். பணிமனையிலும் பார்த்திருக்கிறேன்.

கூரையில் யாரோ நடப்பதுபோல் ஒரு சத்தமும் கேட்டது. கடற்பறவை. எட்டிப் பார்க்கவில்லை.

மே 8, வியாழன்

பொத்தான் பலகையைக் கழற்றித் துடைத்தேன். உள்ளே ஈரம் இல்லை. காய்ந்துதான் இருந்தது. எதற்கும் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஷெரில் தேத்தண்ணியோடு வந்து, இன்றைக்கு மற்றக் கதிரையில் இருந்தும் விட்டாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

"உங்கள் மகன் இங்கே எல்லாருக்கும் எல்லாவற்றையும் திருத்திக் கொடுப்பான். தண்ணீர்ப் பம்பி, காஸ் அடுப்பு, கிழவர்களின் றேடியோ. எங்கே படித்தாய் என்று கேட்டேன். சின்ன வயதில் அப்பாவுக்கு ரோச் லைற் பிடித்துக்கொண்டு நிற்பேன், அப்படியே பார்த்துப் பழகியது என்றான்."

நான் ஸ்குரூட்ரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அவனால் முடியாதது ஏதாவது வந்தால், இதை அப்பாவிடம்தான் கேட்கவேண்டும் என்பான். ஆனால் கேட்டதை நான் ஒருநாளும் பார்க்கவில்லை."

பிறகு அவளாகவே, நிமலன் இறந்த நாளில் கேட்ட ஏணியின் கதைக்கு வந்தாள். இதைச் சொல்லத்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து வாயெடுத்திருக்கிறாள்.

"சனிக்கிழமை காலை காற்று ஏறத் தொடங்கிவிட்டது. அவன் வந்து ஏணி கேட்டான். மேலே ஏறி, கயிறு போட்டு இழுத்துக் கட்டப்போகிறேன் என்றான். காற்றுக்குள் ஏறாதே என்று சொல்லியிருக்கலாம். ஏணி இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரம் குளியலறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்று ஒரு பெண் வந்து நின்றாள். அவளோடு போய்விட்டேன். திரும்பி வரும்போது..."

உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பின்னால் அந்த ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாளாம். திறப்பை எங்கே வைத்தேன் என்று தெரியாது என்றாள்.

உங்கள் பிழை இல்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். தேத்தண்ணி நல்லாயிருக்கிறது என்றேன்.

3.05க்கு மோட்டர் இரைந்தது.

பியூஸ் என் சட்டைப் பையில் இருந்தது. தடவிப் பார்த்தேன். இருந்தது. கடலில் ஏதாவது மீன்பிடிப் படகாக இருக்கலாம்.

மே 9, வெள்ளி

காலை 9.20. உருளையின் நுனியில் மோட்டர் இருக்கிறது அல்லவா, அதன் கீழ்ப்பக்கம் ஊத்தை படிந்து ஐந்து சத நாணயம் அளவில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி. நகத்தால் கிளப்பினேன். உள்ளே அறுகோணத் துளை. எட்டு மில்லிமீற்றர் அலன் சாவி பொருந்துகிறது. மோட்டர் வேலை செய்யாத நேரம் கையால் சுற்றிச் சுருட்டுவதற்கு வைத்திருக்கிறார்கள்.

நிலத்தில் நின்றபடி கையை உயர்த்தினால் எட்டுகிறது. நான் ஐந்தடி ஆறங்குலம். நிமலன் என்னைவிட உயரம்.

ஏணி தேவையில்லை.

மின்சாரத்தால் அசைகிற எதையும் கையால் அசைக்க ஒரு வழி வைத்துத்தான் செய்வார்கள். ட்ராம் கதவுக்கும் உண்டு. பணிமனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் காட்டுவதே அதைத்தான். கதவு இறுகினால் பதறாதே, கீழே பார், ஒரு மூடி இருக்கும் என்பேன். ஆகவே இது இங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறும்போதே தெரியும். மூன்று நாளாக மற்ற எல்லா இடத்தையும் தேடிக்கொண்டிருந்தேன்.

சாவியைப் பெட்டியில் வைத்தேன். மூடியைத் திரும்ப அமுக்கினேன். மெல்பேர்னிலிருந்து ஒரு சாமான் வரவேண்டும், அதுவரைக்கும் ஒன்றும் செய்ய ஏலாது என்று ஷெரிலிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். செவ்வாய்க்கிழமை பெரிய காற்று வரப்போகிறதாம். கட்டியிருக்கும் கயிறு தாங்காதாம். திங்கட்கிழமை மத்தியானம் தன் மருமகன் வெட்டும் மெஷினோடு வருவான், சம்மதம் என்றால் ஓனிங்கை அடியோடு வெட்டி எடுத்துவிடலாம் என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மூன்று மணிக்குக் கடற்கரைக்குப் போய்விட்டேன். அங்கே ஒன்றும் கேட்காது.

மே 10, சனி

மழைத் தூறல். வேலை ஒன்றும் செய்யவில்லை.

பின்னேரம் புனிதம் எடுத்தாள். என்ன பிழை என்று கேட்டாள். மோட்டர் எரிந்துவிட்டது, பிரஷ் மாற்றியும் சரிவரவில்லை என்றேன்.

"பிரஷ் அங்க வாங்கினியளே?"

"இல்லை. வீட்டில இருந்து கொண்டு வந்தனான்."

அவளுடைய பக்கத்தில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"பொலிஸ்காரர் எங்களுக்குச் சொன்னது அவன் கூரையில இருந்து விழுந்தவன் எண்டு மட்டும்தான். மோட்டர் பழுதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஷெரில் சொல்லியிருப்பாள் என்றேன்.

"வெளிக்கிட முதல் ஷெரிலோட நீங்கள் கதைக்கேல்ல. இடம் பதிஞ்சது வதனி."

வதனி எங்கள் மகள். பிறகு, "நாளைக்கு நான் வாறன்," என்றாள்.

"இஞ்ச வந்து நீர் என்ன செய்யப்போறீர்?"

"வாறன்," என்றாள்.

மே 11, ஞாயிறு

வெயில். மெல்லிய காற்று.

வதனியின் கணவர் விடியவே வெளிக்கிட்டுப் புனிதத்தைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார், நாளைக்கு அவருக்கு வேலை. புனிதம் கையில் ஒரு பையோடு மோட்டர் ஹோமைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். எதையும் தொடவில்லை. ஓனிங்கின் கீழே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். குனியத் தேவையில்லாத உயரம் அது.

இன்று இந்த நாட்டில் அன்னையர் தினம் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. ஷெரில் ஒரு வெள்ளைச் செவ்வந்திக் கொத்தோடு வந்தாள். முகாமில் இருக்கும் எல்லாத் தாய்மாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தவள், எங்கள் முன்னால் வந்ததும் கொடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றாள். புனிதம் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டோம். பிறகு இரண்டு பேரும் ஓனிங்கின் நிழலில் மடக்குக் கதிரைகளில் இருந்தோம். கடல் நல்லாயிருக்கிறது என்றேன். ஓம் என்றாள்.

மூன்று மணி. மோட்டர் இரைந்தது.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் எனக்கு மட்டும் கேட்கிற சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். புனிதம் நிமிர்ந்து உருளையின் நுனியைப் பார்த்தாள். சரியாக அந்த நுனியை.

"அது என்ன?"

"மோட்டர்."

"ஆர் சுவிச்சைப் போட்டது?"

சட்டைப் பையிலிருந்து பியூஸை எடுத்துக் காட்டினேன். அவள் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சத்தம் நின்றது. பியூஸைத் திருப்பித் தந்தாள்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் நிமலன் எனக்கு எடுத்தவன்," என்றாள். "சாகிறதுக்கு முதல் நாள். நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தனீங்கள்."

"என்னத்துக்கு?"

"அப்பாவோட கதைச்சனான் அம்மா எண்டு சொன்னவன். மோட்டர் ஒண்டு பழுது, அப்பா வடிவா விளங்கப்படுத்தினவர், நாளைக்குச் செய்து பாக்கப்போறன் எண்டவன். அவ்வளவு சந்தோசமாக் கதைச்சவன். பதினாலு மாசத்துக்குப் பிறகு தேப்பனும் மகனும் கதைச்சிட்டினம் எண்டு நான் அண்டைக்குச் சாமிக்கு விளக்கு வைச்சனான்."

கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

"அடுத்த நாள் பொலிஸ்காரர் வந்து கூரையால விழுந்திட்டான் எண்டு சொல்லேக்க எனக்கு விளங்கிட்டுது. கூரையில ஏறச் சொன்னது நீங்கள். மூண்டு மாசமா நான் அதைக் கேக்கேல்ல. நீங்கள் அதோட என்ன பாடுபடுறியளோ எண்டு நினைச்சனான். பிள்ளைக்கு நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பியள். நீங்களா ஒரு நாளைக்கு என்னட்டச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

ஓம், நான்தான் ஏறச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அவளே அந்தப் பொய்யைச் செய்து என் கையில் தந்துவிட்டாள். பிழையாகச் சொல்லிக்கொடுத்த தகப்பன் என்றாலும் சொல்லிக்கொடுத்த தகப்பன். அவள் அதோடு என்னை வைத்துக்கொண்டு வாழ ஆயத்தமாகத்தான் இருந்தாள். கொஞ்ச நேரம் நான் அந்தப் பொய்யில் இருந்தும் பார்த்தேன். நல்ல வசதியாக இருந்தது.

"நான் அவனுக்கு ஒண்டும் சொல்லேல்ல, புனிதம்."

அவள் திரும்பினாள்.

"அவன் எடுத்தவன். ஓனிங் மோட்டரைப் பற்றிக் கேட்டவன். நான் மறுமொழி சொல்லேல்ல."

"விளங்கப்படுத்தினவர் எண்டு சொன்னானே."

"உமக்காகச் சொல்லியிருப்பான்."

"அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்? ஏதோ சொல்லித்தானே இருப்பியள்."

மூன்று மாதமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சொற்கள். யோசித்து எடுக்கத் தேவை இருக்கவில்லை.

"வீட்டை வித்துப்போட்டுத் தகரப் பெட்டிக்க கிடக்கிறவனுக்குக் கூரை என்னத்துக்கு எண்டு கேட்டனான். போனை வைச்சிட்டன்."

வெள்ளிக்கிழமை கண்டுபிடித்த மூடியைப் பற்றியும் சொன்னேன். ஏறவே தேவையில்லை, கீழே நின்றே செய்திருக்கலாம், இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விசயம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தொடங்கினபிறகு நிற்கவில்லை.

புனிதம் அழுவாள் என்று நினைத்தேன். எழும்பினாள். தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தாள். வந்து என் முன்னால் நின்றாள்.

"எந்த இடத்தில விழுந்தவன்?"

எனக்குத் தெரியாது. ஐந்து நாள் இங்கே இருந்தும் நான் யாரையும் கேட்கவில்லை.

அவள் ஷெரிலைத் தேடிப் போனாள். புனிதத்துக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். ஆனாலும் இரண்டு பேரும் வந்தார்கள். ஷெரில் வாகனத்தின் பின்பக்கம், தண்ணீர்க் குழாய்க்குக் கிட்ட ஓர் இடத்தைக் கையால் காட்டினாள். சாதாரணப் புல்தரை. நான் தினமும் பெட்டியைக் கொண்டுபோய் வைக்கிற இடம். புனிதம் குந்தியிருந்து புல்லைத் தடவினாள். ஷெரில் அவளுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் ஓனிங்கின் கீழேயே நின்றேன். அந்தப் பக்கம் போகச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

பொழுதுபட முதல் புனிதம் மோட்டர் ஹோமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மரவீட்டில் இருந்து இதை எழுதுகிறேன்.

மே 12, திங்கள்

முகில். காற்று ஏறுகிறது.

ஏழரை மணிக்குப் புனிதம் வந்து மரவீட்டுக் கதவைத் தட்டினாள். தலை முழுகியிருந்தாள். நிமலனின் நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள், கை நீளம் கூடி விரல்களை மூடியிருந்தது.

"அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு வாங்கோ."

கொண்டுபோனேன். ஓனிங்கின் நுனிக்கு நேரே என்னை நிற்கவைத்தாள். சாவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அவன் கேட்டதைச் சொல்லுங்கோ. அவன் கேட்ட மாதிரியே."

"எதுக்கு?"

"சொல்லுங்கோ."

"'அப்பா, நான் நிமலன். ஓனிங் மோட்டர் இரையுது, சுத்துதில்லை. நாளைக்குக் காத்துக் கடுமையா இருக்குமாம். என்ன செய்யிறது அப்பா?' இவ்வளவுதான்."

நான் நிமலன் என்று சொல்லியிருக்கிறான். தகப்பனிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்திருக்கிறான். இதை எழுதும்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

"இப்ப மறுமொழி சொல்லுங்கோ," என்றாள் புனிதம்.

"ஆருக்கு?"

"கேட்டவனுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. பைத்தியமா உமக்கு என்று கேட்கவும் வாயெடுத்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவள் காத்துக்கொண்டு நின்றாள். காற்று ஓனிங்கின் துணியைத் தூக்கித் தூக்கி அடித்தது. கயிறுகள் இறுகின.

"முதல் பொத்தானில இருந்து கையை எடு, தம்பி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கேக்கேல்ல," என்றாள்.

"பொத்தானில இருந்து கையை எடு, தம்பி. இரைஞ்சா விட்டிடோணும். பிடிச்சுக்கொண்டு நிண்டா உள்ளுக்கு எரிஞ்சுபோம்."

"பிறகு?"

"பியூஸைக் கழட்டு. கழட்டிப்போட்டு வெளியில வா. உருளையின்ர நுனியில மோட்டர் இருக்கு. அதின்ர அடியைப் பார். ரப்பர் மூடி ஒண்டு இருக்கும். ஊத்தையா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விரலாலத் தடவிப் பார்."

புனிதம் கையை உயர்த்தி விரலால் தடவினாள். அவளுக்கு எட்டவில்லை. பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் ஏறி நின்றாள். மூடி கழன்று புல்லில் விழுந்தது.

"எட்டு மில்லிமீற்றர்ச் சாவியை அதுக்குள்ள விடு. வலப்பக்கமாச் சுத்து. முதல் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பிறகு இளகும். பதறாத. மெதுவாச் சுத்தினாக் காணும். மேல..."

அதற்குப் பிறகு வரவில்லை. புனிதம் சாவியைத் துளையில் வைத்தபடி சுற்றாமல் நின்றாள். நான் சொல்லி முடிக்காமல் அவள் சுற்றமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"மேல ஏறாத, ராசா. ஏறத் தேவையில்லை. நிலத்தில நிண்டு செய்."

அவள் சுற்றத் தொடங்கினாள்.

நீண்ட நேரம் எடுத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் துணி ஒரு விரல் அகலம்தான் உள்ளே போனது. காய்ந்த இலைகள் எங்கள் தலையில் கொட்டின. நான் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வந்தேன். பாதியில் நான் சாவியைத் தாரும் என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தாள். கையை மாற்றி மாற்றிச் சுற்றினாள். உருளை நகர நகர நான் பெட்டியை நகர்த்தி வைத்தேன். உருளை மேலே ஏறியதும் பெட்டிக்கு மேல் இன்னொரு பெட்டி வைத்து, அவளுடைய இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

9.10க்கு உருளை வாகனத்தோடு பொருந்தி இரண்டு பக்கமும் கொழுவிக்கொண்டது.

மத்தியானம் ஷெரிலின் மருமகன் வெட்டும் மெஷினோடு வந்து, மூடியிருந்த ஓனிங்கைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். நான் ஷெரிலைத் தனியாகக் கூப்பிட்டேன். உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பின்னால், ஏணி கட்டியிருந்த இடத்தில் நின்று சொன்னேன். அவன் என்னைக் கேட்டான், நான் பதில் சொல்லவில்லை, பதில் தெரிந்திருந்தால் உங்களிடம் ஏணி கேட்டு வந்திருக்கமாட்டான் என்றேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது. தேற்றவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்து, "சொன்னதற்கு நன்றி" என்றாள்.

வெளியே போன நேரம்: 1.25. நான் ஓட்டினேன். முன்னால் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. புனிதம் பின்னால் நிமலனின் மேசையடி இருக்கையில் பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, செவ்வந்திக் கொத்தை மடியில் வைத்திருந்தாள். ஆறு மணித்தியாலத்தில் வீடு.

மே 13, செவ்வாய்

முகாம் பக்கம் பலத்த காற்று என்று வானொலியில் சொன்னார்கள். இங்கே ஓர் இலைகூட அசையவில்லை.

வாகனம் வீட்டு வாசலில் நிற்கிறது. மூன்று மணிக்கு வெளியே போய் அதன் பக்கத்தில் நின்றேன். நாலு மணி மட்டும் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

வாகனத்துக்குள் போய் பியூஸைத் திரும்பப் பொருத்திவிட்டு, மறுபடியும் வெளியே போய் நின்றேன்.

இல்லை.

மே 14, புதன்

வதனியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா," என்றாள். பிறகு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர நேரமாகிறது என்று போனாள்.

புனிதம் நிமலனின் அறையில் படுக்கிறாள்.

மே 15, வியாழன்

வேலை ஒன்றும் இல்லை.

மே 17, சனி

காலையிலிருந்து மழை.

செவ்வாயிலிருந்து சமையல் நான்தான். சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும். வைத்துவிட்டு மேசையை விட்டுப் போய்விடுவேன். அவள் வந்து தனியாகச் சாப்பிட்டுப் போவாள். இன்று மத்தியானம் நான் போக எழும்பும் முன் வந்து எதிரே இருந்துவிட்டாள். நானும் இருந்தேன். குழைத்தாள். ஒரு வாய் வைத்தாள்.

"பருப்புக்கு உப்புக் காணாது," என்றாள்.

உப்புப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.